தனியாகப் படுக்கும் பெரியவருக்குக் கட்டில்: 3 அடியா, 4 அடியா, இருக்கிற 6 அடியே போதுமா?

அரசலாறு எழுதியது:

கும்பகோணம் பக்கம் பழைய ஓட்டு வீடு, பின்கட்டு அறை. படுப்பவர் ஒருவர்தான். வயது 71, பெண், உயரம் சரியாக 5 அடி, எடை 60 கிலோ. முழங்கால் வலி உண்டு, கைத்தடி இல்லை. இரவில் இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போவார்.

அறை கிழக்கு மேற்காக 10 அடி, தெற்கு வடக்காக 9 அடி. வெளிக் கதவு வடக்குச் சுவரின் மேற்கு மூலையில், அகலம் 2½ அடி. பாத்ரூம் கதவு கிழக்குச் சுவரின் வடக்கு மூலையில். மேற்குச் சுவரை ஒட்டி பீரோ (3 அடி அகலம், 1¾ அடி ஆழம்). இப்போது இருப்பது தேக்குக் கட்டில், 6க்கு ஆறேகால், தலைமாடு தெற்கே. பலகை மட்டம் தரையிலிருந்து 18 அங்குலம், அதன் மேல் 6 அங்குல மெத்தை.

இதையே வைத்துக்கொள்ளலாமா, சின்னதாக வாங்குவதா? வாங்கினால் எந்த அளவு?

---

குடமுருட்டி எழுதியது:

அறையைக் கணக்குப் போட்டாலே பாதிப் பதில் வந்துவிடும். தச்சர் 6க்கு ஆறேகால் என்று சொன்னால் அது மெத்தை உட்காரும் உள்ளளவு. பக்கச் சட்டம் இருபுறமும் சேர்த்து 3 அங்குலம் கூட்டுங்கள். தலைமாடு கால்மாடு சேர்த்து நீளத்தில் 4 அங்குலம். ஆக வெளியளவு 6 அடி 3 அங்குலம், நீளம் 6 அடி 7 அங்குலம்.

10 அடியில் கட்டில் 6'3", பீரோ 1'9" போனால் மீதி 2 அடி. இதில் பீரோக் கதவு திறக்கவே ஒன்றரை அடி வேண்டும். அதனால் கட்டிலைக் கிழக்குச் சுவரோடு தள்ளித்தான் போட்டிருப்பீர்கள். அப்படியென்றால் அவர் மேற்குப் பக்கம் இறங்கி, கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு பாத்ரூம் போகிறார். கால்மாட்டில் கிடைப்பது 2 அடி 5 அங்குலம். இருட்டில், பாதித் தூக்கத்தில், கட்டில் கால் முனையைச் சுற்றி ஒரு திருப்பம்.

4 அடிக் கட்டில் போட்டால் வெளியளவு 4'3". மீதி 4 அடி. மேற்கே பீரோவுக்கு 1½, கிழக்கே இறங்க 2½. இறங்கினால் நேரே நடந்து பாத்ரூம், திருப்பமே இல்லை. 3 அடிக் கட்டில் என்றால் கிழக்கே 3½ அடி கிடைக்கும்.

சும்மா நடக்க 2½ அடி தாராளம். வாக்கர் பிடித்தால் 3 அடி வேண்டும். சக்கர நாற்காலி ஒரே இடத்தில் திரும்ப 5 அடி விட்டம், பீரோவையும் கட்டிலையும் இப்படிப் போட்டால் அது இந்த அறையில் நடக்காது. 2½ அடிக் கதவிலும் அது நுழைவது சிரமம். அந்த நிலை வந்தால் கூடத்துக்குத்தான் கட்டிலை எடுத்து வர வேண்டும்.

---

மன்னை தச்சுப்பட்டறை எழுதியது:

அகலத்தைப் பிறகு பேசுவோம் தம்பி. நீங்க எழுதினதுல என் கண்ணை உறுத்துறது உயரம். பலகை 18, மெத்தை 6, மொத்தம் 24 அங்குலம். உட்கார்ந்தா மெத்தை ஒரு அங்குலம் அமுங்கும், அப்பவும் 23. அஞ்சடி உயரத்துக்காரங்களுக்கு முழங்கால் மடிப்பு தரையிலேர்ந்து ஏறக்குறைய 15 அங்குலத்துலதான் இருக்கும். கால் தரையில படாம தொங்கும். இறங்கணும்னா சறுக்கித்தான் இறங்கணும்.

அந்தக் காலத்துல கட்டில் உயரமா செஞ்சதுக்குக் காரணம் உண்டு. அடியில பத்தாயச் சாமான் வைக்கணும், பூரான் தேள் ஏறக்கூடாது, மேல வெறும் பாயோ ரெண்டு அங்குலப் பஞ்சு மெத்தையோதான். இப்ப அதே கட்டில் மேல ஆறு எட்டு அங்குல மெத்தை போட்டா கணக்கு கெட்டுப்போச்சு.

அளக்கிற முறை: கட்டையான நாற்காலியில செருப்பில்லாம உட்கார வையுங்க. பாதம் முழுசா தரையில இருக்கணும். தரையிலேர்ந்து முழங்கால் பின்மடிப்பு வரை டேப்பை நிமிர்த்திப் பிடிங்க. மூட்டு வலி உள்ளவங்களுக்கு அதோட ஒன்றரை, ரெண்டு அங்குலம் சேர்த்துக்கலாம். இடுப்பு முழங்காலை விடக் கொஞ்சம் உசந்து இருந்தா எந்திரிக்கச் சுலபம். உங்க கணக்குக்கு 15 கூட்டல் 2, ஆக 17. இது உட்கார்ந்து அமுங்கின பிறகு வர்ற உயரம். மெத்தை 5 அங்குலம், அமுங்கி 4. அப்ப பலகை மட்டம் 13 அங்குலம். கடையில ரெடிமேடா நிக்கிற கட்டில் பலதும் 16, 18தான். மெத்தையை முதல்ல முடிவு பண்ணுங்க, அப்புறம் கட்டில் உயரம் சொல்லுங்க. தலைகீழா செஞ்சா மாட்டிக்குவீங்க.

இன்னொண்ணு, பெட்டி வச்ச கட்டில் வேண்டவே வேண்டாம். தரை வரைக்கும் அடைச்சிருக்கும். உட்கார்ந்து எந்திரிக்கிற யாரும் பாதத்தை முழங்காலுக்குப் பின்னால இழுத்துக்கிட்டுத்தான் எந்திரிப்பாங்க. குதிகால் உள்ளே போக 4, 5 அங்குலம் காலியா இருக்கணும். பெட்டி இருந்தா குதிகால் இடிக்கும், உடம்பு பின்னால சாயும். சாதாரணக் கட்டில்லயும் அடியில தேங்காய், பரங்கிக்காய், வெண்கல அண்டான்னு அடைச்சா இதே கதிதான்.

---

இயன்முறை தஞ்சை எழுதியது:

தச்சர் ஐயா சொன்ன உயரக் கணக்கை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அகலத்துக்கு வருகிறேன்.

படுத்திருக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்தால் 3 அடி போதும். தோள் அகலம் 16 அங்குலம், இருபுறமும் 10 அங்குலம் மிஞ்சும். பார்க்க வேண்டியது புரள்வதையும் எழுவதையும்தான். வயதானவர்கள் ஒரே வீச்சில் புரள்வதில்லை. முதலில் முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னால் அரை அடி நகர்த்தி, பிறகுதான் தோளைத் திருப்புகிறார்கள். பின்னால் நகர இடம் இல்லாவிட்டால், திரும்பி முடித்ததும் முகம் விளிம்புக்கு வெளியே நிற்கும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் இரவு முழுக்க மல்லாந்தே கிடப்பார்கள். அது முதுகுக்கும் நல்லதல்ல, குறட்டைக்கும் நல்லதல்ல. மூட்டு தேய்ந்தவர்களும் பார்க்கின்சன் உள்ளவர்களும் புரளக் கூடுதல் இடம் கேட்பார்கள். அதனால் நடமாட்டம் உள்ளவருக்கு என் பரிந்துரை 4 அடி.

6 அடி இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். நடுவில் படுத்தால் விளிம்புக்கு 3 அடி இடுப்பால் தவழ வேண்டும். மூட்டு வலிக்காரர் அதைச் செய்ய மாட்டார். ஓரத்தில்தான் படுப்பார். மறுபாதியில் பஞ்சாங்கம், மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, மடிக்காத துணி எல்லாம் குடியேறிவிடும். ஆக 6 அடிக் கட்டிலில் அவர் பயன்படுத்துவது விளிம்பை ஒட்டிய இரண்டரை அடி. 3 அடிக் கட்டிலில் படுப்பதைவிட அதிகம் விழும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. மெத்தையும் அந்த ஒரு ஓரத்தில் மட்டும் பள்ளமாகி வெளிப்பக்கம் சரியும்.

எழும் வரிசை: இறங்கும் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இரண்டு காலையும் விளிம்புக்கு வெளியே விட வேண்டும். கீழ்க்கை முழங்கையையும் மேல்கை உள்ளங்கையையும் ஊன்றி எழுந்து உட்கார வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து கணுக்காலை ஆட்டி, பிறகு நிற்க வேண்டும். பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு எழுந்தவுடன் ரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றுவது சாதாரணம், அதனால் இந்த உட்காரலைத் தவிர்க்கக் கூடாது. இதற்கு விளிம்பு உறுதியாக இருக்க வேண்டும். விளிம்பு நொடித்தால் இந்த வரிசையே குலையும்.

தலை தெற்கே வைத்து மல்லாந்து படுத்தால் வலக்கை கிழக்கே இருக்கும். உங்கள் அறையில் பாத்ரூமும் கிழக்கே. வலப்பக்கம் திரும்பி எழுவது நம்மூர்ப் பழக்கம், அதுவும் ஒத்துவருகிறது. பக்கவாதம் வந்தவர் என்றால் மட்டும் பழக்கத்தைப் பார்க்காமல், பலமுள்ள பக்கம் இறங்கும்படி கட்டிலைத் திருப்ப வேண்டும்.

---

வெண்ணாறு எழுதியது:

நான் 4 அடிக்கு ஒப்பமாட்டேன். இன்றைக்கு நடக்கிறார், சரி. எலும்பு முறிவோ காய்ச்சலோ வந்து பத்து நாள் படுத்தால் பார்த்துக்கொள்பவரின் முதுகு போய்விடும்.

மருத்துவமனைக் கட்டில் 3 அடிக்கு ஆறரை அடி என்று இருப்பது தற்செயல் இல்லை. இருபக்கமும் நிற்கும் ஆள் குனியாமல் எட்டும் தூரம் அது. 4 அடிக் கட்டிலின் நடுவில் இருப்பவரைத் திருப்ப 2 அடி எட்டிக் குனிய வேண்டும். படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது புண் வராமல் தடுக்கும் அடிப்படை விதி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை 2 அடி எட்டிப் பாருங்கள், தெரியும்.

காற்று மெத்தை, ரப்பர் விரிப்பு, பக்கக் கம்பி என்று நோயாளிக்கான சாமான்கள் எல்லாம் 3 அடி அகலத்துக்குத்தான் வருகின்றன. 4 அடிக் கட்டிலில் காற்று மெத்தை போட்டால் ஓரத்தில் ஒரு அடி படியாக நிற்கும். அந்தப் படியில் உட்கார்ந்தால் சறுக்கும்.

---

இயன்முறை தஞ்சை எழுதியது:

வெண்ணாறு சொல்வது படுத்த படுக்கையானவருக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கேட்டிருப்பது நடந்து திரியும் ஒருவருக்கு. இன்னும் பல வருடம் கழித்து வரலாம் வராமலும் போகலாம் என்கிற நிலைக்காக, இன்றிலிருந்தே புரளப் பயந்து படுக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மாதவாடகைக்கு மருத்துவமனைக் கட்டில் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் கிடைக்கிறது. கைச்சுழற்றி உள்ளதாகப் பார்த்து எடுத்தால் புயல் நேரத்தில் கரண்ட் போனாலும் தலைப்பக்கம் ஏற்றலாம். தேவை வரும்போது அதை எடுக்கலாம்.

இரண்டுக்கும் நடுவே மூன்றரை அடி என்று ஒன்று உண்டு. கடையில் இல்லை, தச்சரிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். அறை 9 அடிக்குக் குறைவாக இருந்தால் அதையே சொல்வேன்.

---

வெண்ணாறு எழுதியது:

வாடகைக் கட்டில் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் முதல் மூன்று நாள் ஓடிவிடும். கஷ்டம் எல்லாம் அந்த மூன்று நாளில்தான். என் கருத்தில் மாற்றமில்லை. மூன்றரை என்றால் சம்மதிக்கலாம்.

---

மன்னை தச்சுப்பட்டறை எழுதியது:

மூன்றரை செய்யலாம், ஆனா மெத்தை, விரிப்பு, கொசுவலை மூணையும் தனியா சொல்லிச் செய்யணும். நாலடிக்கு எல்லாம் கடையில ரெடியா இருக்கு. இன்னொரு லாபம்: பிளைவுட் ஷீட் 8க்கு 4. நாலுக்கு ஆறேகால் கட்டிலுக்கு ஒரே ஷீட்ல, ஒட்டு இல்லாம அடிப்பலகை வந்துரும். மிச்சம் 4 அடிக்கு 1¾ அடித் துண்டு நிக்கும், அதுல தலைமாட்டுப் பக்கம் சின்ன மேசை அடிச்சிடலாம். 5 அடி, 6 அடி அகலம்னா ரெண்டு ஷீட், நடுவுல ஒட்டு, ஒட்டுக்குக் கீழே சட்டம், சட்டத்துக்குக் கால்.

---

பஞ்சுமூட்டை எழுதியது:

மெத்தை பற்றி யாரும் பேசவில்லையே, நான் ஆரம்பிக்கிறேன்.

தனியாக இருப்பவர் மெத்தையைத் தானே திருப்ப முடிய வேண்டும். ரப்பர் ஏற்றிய தேங்காய்நார் மெத்தை கன மீட்டருக்கு 80 கிலோ என்று வைத்தால், 4 அங்குலக் கனத்தில் 6க்கு 3 அளவு 13½ கிலோ வரும். 4க்கு ஆறேகால் 19 கிலோ. 6க்கு ஆறேகால் 28 கிலோ. அதே கனத்தில் 40 அடர்த்தி ஃபோம் எடுத்தால் இதில் சரிபாதி. விரிப்பை ஓரத்தில் செருகக்கூட மெத்தையை ஒரு கையால் தூக்கியாக வேண்டும், 28 கிலோவை அவர் எங்கே தூக்குவது?

இலவம்பஞ்சு வெயில் காலத்துக்கு அருமை. அக்னி நட்சத்திரத்தில் மெமரி ஃபோமில் படுத்தால் முதுகு வெந்துவிடும். ஆனால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பஞ்சு ஈரத்தைக் குடித்துக் கட்டிதட்டும். தை பிறந்ததும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். மாடிக்கு யார் தூக்குவது என்பதை யோசித்துத்தான் பஞ்சு மெத்தை. நாலடி அகலம் வேண்டும், பஞ்சும் வேண்டும் என்றால் 2 அடி அகலத்தில் இரண்டாகத் தைத்து மேலே ஒரே உறை போடச் சொல்லுங்கள். ஒரு ஆளே தூக்கலாம். நடுவில் இணைப்பு உறுத்தாமல் இருக்க மேலே ஒரு அங்குல ஃபோமோ கனத்த ஜமுக்காளமோ விரிக்க வேண்டும்.

இருக்கிற 6 அடி மெத்தை பஞ்சா, ஃபோமா, ஸ்பிரிங்கா? பஞ்சு என்றால் பிரித்து அடித்து 4 அடியாகத் தைத்தது போக மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். அதில் உதவிக்குப் படுப்பவருக்கு 2 அடி அகலத்தில் தரை மெத்தை ஒன்று வந்துவிடும். ஃபோமையும் நாரையும் மெத்தைக் கடையில் வெட்டி உறையைத் திரும்பத் தைத்துக் கொடுப்பார்கள். ஸ்பிரிங்கை வெட்டவே முடியாது, சுற்றுக் கம்பி போய்விடும்.

கடையில் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்ப்பது வீண். ஓரத்தில் உட்காருங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் பெரியவர்களுக்கு ஆகாது. அடியில் 2 அங்குலம் நார், மேலே 2 அல்லது 3 அங்குலம் ஃபோம் என்று சேர்த்துச் செய்வது விளிம்பு நிற்கவும் உடம்பு உறுத்தாமல் இருக்கவும் நல்ல ஏற்பாடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுங்கள்.

விரிப்பில் ஒரு சிக்கல். 4 அடி மெத்தைக்கு 60க்கு 90 அங்குல சிங்கிள் விரிப்பு செருகப் போதாது. 90க்கு 100 டபுள் விரிப்பு இருபக்கமும் ஒன்றேகால் அடிக்கு மேல் தொங்கும். தொங்குகிற துணி காலில் சிக்கும். முழுவதும் அடியில் செருகுங்கள், அல்லது 48க்கு 75 எலாஸ்டிக் விரிப்பு வாங்குங்கள். கரூர் விரிப்புக்காரர்களிடம் 72 அங்குல அகலத்தில் கேட்டாலும் கிடைக்கும்.

---

அரசலாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மெத்தை ஃபோம்தான். இரண்டு கேள்வி.

ஒன்று, இருக்கிற தேக்குக் கட்டிலையே 6 அடியிலிருந்து 4 அடியாகக் குறைக்க முடியுமா? தலைமாட்டுப் பலகையில் நடுவே மயில் செதுக்கியிருக்கிறது, அதை விட மனசில்லை.

இரண்டு, பீரோவைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு கட்டிலை மேற்குச் சுவரோடு ஒட்டிப் போட்டால், ஒரு பக்கம் விழும் பயம் இருக்காது, கிழக்கே ஏறக்குறைய 5¾ அடி கிடைக்கும் அல்லவா?

---

மன்னை தச்சுப்பட்டறை எழுதியது:

தாராளமா குறைக்கலாம். நல்ல தேக்கை வித்துட்டு ரப்பர் மரக் கட்டில் வாங்குறவங்களைப் பார்த்தா வயிறு எரியுது.

பக்கச் சட்டம் ரெண்டையும் தொட வேண்டாம், நீளம் மாறலை. மாறுறது தலைமாடு, கால்மாடு, குறுக்குச் சட்டங்கள், அடிப்பலகை. மயில் நடுவுல இருக்கிறதால பலகையை ரெண்டு பக்கமும் சமமா குறைக்கணும். முதல்ல கால்களைப் பலகையிலேர்ந்து கழட்டணும். பழைய வேலையில மூங்கில் ஆணியோ மர ஆணியோ அடிச்சிருப்பாங்க. அதைத் துளை போட்டு எடுங்க, சுத்தியால அடிச்சா கால் பிளக்கும். பிறகு ஒவ்வொரு முனையிலும் பழைய நாக்கோட (காலின் துளைக்குள்ள இறங்குற முனை) சேர்த்து 12 அங்குலம் அறுத்து, மீதியில புது நாக்கு எடுத்து அதே காலின் பழைய துளையில இறக்கணும். நாக்கு நீளம், கனம் பழசு மாதிரியே இருக்கணும். ஒரு நூல் குறைஞ்சாலும் கட்டில் ஆடும், ஆப்பு வச்சு ஒப்பேத்தாதீங்க. மயில் பக்கத்துல கொடி, பூ ஏதாவது முனை வரைக்கும் ஓடுதான்னு முன்னாடியே பாருங்க. ஓடினா அறுக்கிற இடத்தைக் கொஞ்சம் தள்ளி, 4 அடிக்குப் பதிலா 4 அடி 2 அங்குலம்னு வச்சுக்கலாம். ஆனா மெத்தையையும் அதே அளவுக்கு வெட்டச் சொல்லணும், இல்லேன்னா ஓரத்துல இடைவெளி விழும்.

பாதியா அறுத்து நடுவுல ஒட்டலாம்னு யாராவது சொன்னா அவரை அனுப்பிடுங்க.

குறுக்குச் சட்டம் 3க்கு ஒன்றரை அங்குலம், 15 அங்குலத்துக்கு ஒண்ணு. நாலடி அகலத்துக்கு நடுக்கால் தேவையில்லை, அது போனாலே கூட்டிப் பெருக்க வசதி. மேல 12 மி.மீ. பிளைவுட், அடிக்கு ஒரு துளை, ஒரு அங்குல அளவு. துளை இல்லாம மொத்தமா மூடினா மழைக் காலத்துல மெத்தை அடியில பூஞ்சணம் பூக்கும்.

இப்ப உயரம். 18ஐ 13 ஆக்கணும், 5 அங்குலம் குறைக்கணும். கடைசல் கால் குமிழோட இருந்தா அடியில 5 அங்குலம் அறுத்தா குமிழ் பாதியில வெட்டுப்படும், அசிங்கமா இருக்கும், தரையில உட்காருற பரப்பும் குறையும். கடைசல் இல்லாத சதுரக் கால்னா நேரா அறுக்கலாம். குமிழ்க் கால்னா பலகை தாங்குற ரீப்பரைப் பக்கச் சட்டத்துக்கு உள்ளே ஒன்றரை அங்குலம் வரை இறக்கலாம். அதுக்கு மேல இறக்கினா மெத்தை சட்டத்துக்குள்ள முங்கிடும், உட்காரும்போது சட்டத்து விளிம்பு தொடையை அறுக்கும். மெத்தை சட்டத்துக்கு மேல குறைஞ்சது 2 அங்குலம் தெரியணும். மீதி மூன்றரையைக் காலில குமிழ் முடியிற இடம் பார்த்து எடுக்கணும். நாலு காலையும் ஒரே நாள்ல, கட்டிலைத் தரையில நிறுத்தி ரச மட்டம் வச்சுத்தான் அறுக்கணும். பழைய சிவப்பு சிமெண்டுத் தரை தண்ணி ஓட வாட்டம் கொடுத்திருக்கும், பட்டறையில அளந்து அறுத்தா வீட்டுல ஆடும்.

சுவர் விஷயம்: மேற்குச் சுவர்ல மழை அடிச்சு ஊறுதான்னு பாருங்க. களிமண் பூமி, அஸ்திவாரத்து ஈரம் மூணடி வரை ஏறும். சுவரை விட்டு 4 அங்குலம் தள்ளிப் போடுங்க. ஒட்டிப் போட்டா மரத்துல கரையான் ஏறுறது கூடத் தெரியாது.

---

வெண்ணாறு எழுதியது:

4 அங்குலம் தள்ளிப் போடுவதுதான் மோசமான இடம். கையோ காலோ இறங்கும், உடம்பு இறங்காது. தூக்கத்தில் முழங்கால் அந்தச் சந்தில் சிக்கினால் தனியாக இருப்பவரால் எடுக்க முடியாது. இன்னும் அகலமானால் தலையே சிக்கலாம். மருத்துவமனைக் கட்டில்களுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006இல் தந்த வழிகாட்டியில், தலை சிக்கும் அபாயமுள்ள இடைவெளிகளுக்கு வரம்பு 120 மி.மீ., அதாவது சுமார் 4¾ அங்குலம். அதற்கு மேல் போகக் கூடாது. கை கால் சிக்க அதைவிடச் சின்னச் சந்தே போதும்.

சுவர்ப் பக்கம் ஒன்று முழுக்க மூட வேண்டும், அல்லது ஆள் நடக்கும்படி ஒன்றரை இரண்டு அடி விட வேண்டும். இரண்டும் கெட்டானாக விடாதீர்கள்.

---

மன்னை தச்சுப்பட்டறை எழுதியது:

சரியான பேச்சு, நான் மரத்தை மட்டும் பார்த்துச் சொல்லிட்டேன். அப்ப இப்படிச் செய்யலாம். கட்டில் சுவரை விட்டு 4 அங்குலம் தள்ளியே நிக்கட்டும். சுவர்ப் பக்கத்துச் சட்டத்துல மெத்தைக்கு மேல 8 அங்குலம் நிக்கிற மாதிரி ஒரு பலகை, தலைமாட்டுக் காலிலேர்ந்து கால்மாட்டுக் கால் வரை இடைவெளி இல்லாம அடிச்சிருவோம். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையக் கூடாது. பின்னால காத்தும் ஓடும், துடைப்பமும் போகும், கரையான் வந்தாலும் தெரியும். பலகை மேல்விளிம்பை நல்லா உருட்டி இழைச்சிடணும்.

---

குடமுருட்டி எழுதியது:

அப்படியானால் கணக்கு: 10 அடியில் சந்து 4 அங்குலம், கட்டில் 4'4" (பலகைக் கனம் சேர்த்து). கிழக்கே மீதி 5 அடி 4 அங்குலம். சக்கர நாற்காலிக்குக்கூட இடம் வந்துவிட்டது, கதவுதான் தடை. இப்போது பீரோ போன இடத்தில் வேறு எதையும் கொண்டுவந்து வைக்காமல் இருந்தால் சரி!

ஆனால் 5 அடி வெற்றிடத்திலும் ஒரு குறை உண்டு. கட்டிலில் இருந்து பாத்ரூம் கதவு வரை பிடிக்க எதுவும் இருக்காது. கிழக்குச் சுவரில் 2¾ அடி உயரத்தில் ஒன்றேகால் அங்குல எஸ்.எஸ். குழாய் ஓட்டிவிடுங்கள். சுவருக்கும் குழாய்க்கும் ஒன்றரை அங்குலம் விட்டால் விரல் நுழையும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் நிற்காது, இழுத்தால் காரையோடு வந்துவிடும். செங்கல் வரை துளைத்து சிமெண்டு வைத்துப் பதிக்க வேண்டும்.

---

கொள்ளிடம் எழுதியது:

இவ்வளவு செலவு எதற்கு? நாடாக் கட்டில் 3 அடியில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே. காற்றோட்டம், எடை குறைவு. தைக்கால் பக்கம் பிரம்பு வேலைக்காரர்களிடம் பிரம்புப் பின்னல் கட்டிலும் சொல்லிச் செய்யலாம்.

---

இயன்முறை தஞ்சை எழுதியது:

நாடாக் கட்டில் திண்ணையில் மதியம் கண்ணயர நல்லது. இரவுக்கு ஆகாது. நாடா தொய்ந்ததும் நடுவில் தொட்டில் மாதிரி ஆகிவிடும். இடுப்பு பள்ளத்திலும் முழங்கால் மேட்டிலும் இருக்கும். புரள்வது மேட்டில் ஏறுவது மாதிரி. எழுந்து உட்கார்ந்தால் ஓரத்து இரும்புக் குழாய் தொடையின் அடியில் அழுத்தும். பிரம்புப் பின்னலும் தொய்யும், ஆனால் மெதுவாக. இறுகப் பின்னி, அடியில் இரண்டு குறுக்குச் சட்டம் கொடுத்து, மேலே 3 அங்குல மெத்தை போட்டால் ஒப்புக்கொள்ளலாம்.

---

கொள்ளிடம் எழுதியது:

சரி, ஏற்கிறேன். கொசுவலை பற்றிச் சொல்ல மறந்துவிட்டீர்கள். வாய்க்கால் ஓரத்து வீடுகளில் வலை இல்லாமல் படுக்க முடியாது. 6க்கு 4 வலை எல்லா ஊரிலும் கிடைக்கும். குடை மாதிரி விரியும் ஜிப் வலை வாங்காதீர்கள். வாசல் அடியில் ஒரு வளையம் நிற்கும், இறங்கும்போது கால் தட்டும். ஜிப்பும் அவசரத்தில் துணியைக் கவ்விக்கொள்ளும். நாலு மூலையில் கயிறு கட்டும் பழைய வலைதான் நல்லது. மூன்று பக்கம் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, இறங்கும் பக்கம் மட்டும் செருகாமல் நடுவில் திறப்பு வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்றரை அடி மடிந்து தொங்கும்படி தைத்துக் கேளுங்கள். கையால் ஒதுக்கினால் போதும். அடி விளிம்பு தரைக்கு ஒரு சாண் மேலே நிற்க வேண்டும்.

---

அரசலாறு எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். தேக்குக் கட்டில் 4 அடியாகிறது, பலகை மட்டம் 13, மெத்தை 5 அங்குலம் (2 நார், 3 ஃபோம்), சுவர்ப் பக்கம் பலகை, பீரோ கூடத்துக்கு. வெண்ணாறு மன்னிக்கவும்.

கட்டில் எடை குறைந்துவிடுமே, உட்காரும்போது சிவப்புத் தரையில் நகராதா?

---

வெண்ணாறு எழுதியது:

மன்னிப்பெல்லாம் எதற்கு. மெத்தையில் மட்டும் நடு 3 அடியைக் கவனித்துச் செய்யச் சொல்லுங்கள், என்றைக்காவது காற்று மெத்தை அதன் மேல்தான் வரும்.

---

மன்னை தச்சுப்பட்டறை எழுதியது:

நகரும். நாலு காலுக்கும் ரப்பர் புஷ் போடுங்க, கைத்தடிக்குப் போடுறது மாதிரிக் கனமானது. காலின் அடிச் சுற்றளவை அளந்துகிட்டுப் போங்க. அரை அங்குலம் உயரம் கூடும், அதையும் சேர்த்துத்தான் கால் அறுக்கணும். புஷ் போட்டதும் ஒருத்தர் விளிம்புல தொம்முனு உட்கார்ந்து பாருங்க, சாக்பீஸால கால் சுத்திக் கோடு போட்டுட்டு. கோட்டை விட்டு நகர்ந்தா சுவர்ப் பக்கம் சந்துல ரெண்டு மரக் கட்டை, 4 அங்குலத்துல, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அண்டை கொடுத்துடுங்க. கிழக்குப் பக்கம் கட்டில் கால் முனையையும் சட்டத்து மூலையையும் காலணா வட்டத்துக்கு உருட்டி இழைக்கச் சொல்லுங்க.

---

குடமுருட்டி எழுதியது:

தச்சர் வருவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள். தலைமாட்டில் தரையிலிருந்து இரண்டேகால் அடியில், படுத்தபடி வலக்கை எட்டும் இடத்தில், பாத்ரூம் விளக்குக்கு இருவழி சுவிட்ச். கட்டில் மேற்கே நகர்வதால் இப்போதுள்ள சுவிட்ச் எட்டாது.